விழுந்தது விழட்டும்

எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஓர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. நடுப்பகுதி அப்பளம்போல் நசுங்கிப்போன பாட்டில். வீட்டுக்கு வருகிறவர்கள், “இதை ஏன் வைத்திருக்கிறாய், பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடலாமே” என்பார்கள். போட மனம் வரவில்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மாலை, வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் பெரிய தெருவில், பள்ளி பஸ்ஸின் முன்சக்கரம் இதன்மேல் ஏறி நின்றது. சக்கரத்துக்கும் என் மகளின் கைக்கும் இடையில் ஒரு சாண் இடம்தான் இருந்தது.

அப்போது அவள் யுகேஜி. பஸ் வழக்கமாக நான்கு பத்துக்கு வரும். நான் தெருவின் எதிர்ப்பக்கம், புங்க மர நிழலில் நிற்பேன். ஆயாம்மா முதலில் இறங்கி, இவளைக் கைபிடித்து இறக்கி, பஸ்ஸுக்கு முன்னால் நாலைந்து அடி தள்ளி நடத்தி என்னிடம் கொண்டுவந்து விடுவார். அந்த வாரம் அவர் விடுப்பில் இருந்தார். பேத்திக்குக் காதுகுத்தல், குடியாத்தம் போயிருந்தார். பதில் ஆள் யாரும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கதவைத் திறந்துவிட்டான். இவள் இறங்கினாள். இறங்கும்போதே பையின் பக்கப் பையிலிருந்து பாட்டில் நழுவி உருண்டு முன்சக்கரத்தின் பக்கம் போயிருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை. பஸ்ஸின் முன்னால் அவளுடைய சிவப்பு ரிப்பன் ஒரு கணம் தெரிந்தது, பிறகு காணவில்லை. குனிந்துவிட்டாள். ஓட்டுநர் தன் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி கியர் போட்டார்.

நான் கத்தியது இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ஓடிப்போய் ஓட்டுநர் பக்கத்துக் கதவை உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். பஸ் ஓரடிகூட நகரவில்லை, பிரேக் பிடித்துவிட்டார். தகரம் நசுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. சுற்றி ஓடினேன். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “அம்மா, பாட்டில் போச்சு” என்று அழுதுகொண்டிருந்தாள். ஓட்டுநர் இறங்கி வந்தார், பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். வெகுநேரம் அவருக்குப் பேச்சு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே கைபேசியில் அழைத்தார். “அம்மா, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை வாருங்கள். என் சீட்டில் நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்” என்றார். கோபம் தணியாமல்தான் போனேன். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் தெரு முழுவதும் நம் கைக்குள் இருப்பதுபோல் ஓர் எண்ணம் வருகிறது. தூரத்தில் கோட்டைப் பக்கத்து மலைகூடத் தெரிந்தது. அவர் கீழே நின்று, “பாப்பா, பஸ்ஸை ஒட்டி முன்னால் வந்து நில்” என்றார். வந்து நின்றாளாம். எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்குக் கீழே அவள் குரல் கேட்கிறது, “அம்மா, தெரிகிறேனா?” என்கிறாள். ஆள் இல்லை. “இரண்டடி பின்னால் போ” என்றார். ரிப்பன் எட்டிப்பார்த்தது. “இப்போது எதையோ எடுப்பதுபோல் குனி” என்றார். மறுபடியும் காணாமல் போனாள். இன்னும் இரண்டடி, இன்னும் இரண்டடி என்று பின்னால் போய்க் குனிந்தபோதுதான் முதுகு தெரிந்தது. பிறகு இடப்பக்க முன்சக்கரத்தின் ஓரத்தில் நிறுத்தினார். ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம், கதவு இருப்பது இடப்பக்கம். பிள்ளைகள் இறங்கும் பக்கம்தான் ஓட்டுநருக்கு எட்டாத பக்கம். அங்கே அவள் இரண்டு மூன்றடி தள்ளி நின்றும் நேராகப் பார்த்தால் தெரியவில்லை. வெளியே மாட்டியிருக்கும் குமிழ்க் கண்ணாடியில் தேடித் தேடித்தான் கண்டுபிடித்தேன், கடுகளவு.

கோபம் அங்கேயே போய்விட்டது. பயம் வந்தது. இத்தனை நாளும் நான் பயந்ததெல்லாம் வேறு எதற்கோ. பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பஸ் போவதை நினைத்துப் பயந்தேன். கிரீன் சர்க்கிள் நெரிசலை நினைத்துப் பயந்தேன். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் வரை குழந்தைக்குச் சுற்றிலும் இரும்பு இருக்கிறது, கம்பி போட்ட ஜன்னல் இருக்கிறது. கடைசிப் படியிலிருந்து கால் தரையில் பட்டபின் உள்ள பத்தடிதான் ஒன்றுமே இல்லாத இடம்.

2022 மார்ச் 28 அன்று சென்னை வளசரவாக்கத்தில் ஒரு பள்ளியின் வளாகத்துக்குள்ளேயே இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். வேனைவிட்டு இறங்கிய பிள்ளை, மறந்துவிட்ட எதையோ எடுக்கத் திரும்பி வந்திருக்கிறான். அந்த நேரத்தில் வேன் பின்னோக்கி வந்திருக்கிறது. சாலைகூட இல்லை, பள்ளிக்கூடத்து மண். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் கேமராவும் சென்சாரும் கட்டாயமாக்கப்பட்டன. நல்ல விஷயம், எங்கள் பஸ்ஸிலும் இப்போது இருக்கிறது. ஆனால் ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டேன். “கேமரா காட்டும் அம்மா, நான் பார்க்க வேண்டுமே. சாயங்கால வெயில் அந்தச் சின்னத் திரையில் விழுந்தால் என் முகம்தான் தெரிகிறது” என்றார்.

ஆயாம்மா இருந்திருந்தால் அந்த பாட்டில் நசுங்கியிருக்காது. மூன்று வருடங்களாக நான் யாரிடம் பேசினாலும் இதைத்தான் சொல்கிறேன். பள்ளி பஸ்ஸில் குழந்தையைக் காப்பாற்றுவது முதலில் அந்த உதவியாளர்தான். பஸ் கட்டணம் என்று ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் கட்டுகிறோம். அதில் அவருக்குப் போவது எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் யார் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நானும் அதுவரை கேட்டதில்லை. குற்றம் எனக்கும் உண்டு.

எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவைப் பெற்றவளும் ஆயாதான், அப்பாவைப் பெற்றவளும் ஆயாதான். மற்ற ஊர்களில் அந்தச் சொல் வேலைக்கு வைத்த ஆளைக் குறிக்கலாம். எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் அப்படிக் கூப்பிடும்போது அது பாட்டியைக் கூப்பிடுகிற குரல்தான். அந்த உரிமையோடுதான் அவரும் அதட்டுவார். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பஸ் முழுதாக நிற்கும்வரை கதவில் கை வைக்க மாட்டார். நின்றதும் தலையை வெளியே நீட்டிப் பின்பக்கம் பார்ப்பார். நம் ஊரில் பஸ் நின்றால் இருசக்கர வண்டிக்காரர்கள் இடப்பக்கம் புகுந்து போவார்கள், பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில். அந்தச் சந்தில்தான் குழந்தை கால் வைக்க வேண்டும். அதனால் அவர் முதலில் இறங்கி, கையைக் குறுக்கே நீட்டி, வருகிற வண்டியை நிறுத்துவார். பிறகுதான் பிள்ளை இறங்கும். இறங்கும்போது இடது கையால் பையின் வாரைப் பிடித்துக்கொள்வார். கதவின் கைப்பிடியில் பை வாரும் அடையாள அட்டைக் கயிறும் மாட்டிக்கொள்ளும், பிள்ளை இறங்கியது தெரிந்து பஸ் நகர்ந்தால் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பார். இதையெல்லாம் அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்துச் சொல்லித்தரவில்லை. பதினோரு வருட வேலை சொல்லிக்கொடுத்தது.

சட்டத்திலும் இது இருக்கிறது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடுகிற பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே பள்ளி பஸ்களுக்கென்று தனியாகச் சிறப்பு விதிகள் வந்தன. ஒவ்வொரு பள்ளி பஸ்ஸிலும் உதவியாளர் இருக்க வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று. ஆண்டுதோறும் கோடை விடுமுறையின் கடைசியில் எல்லாப் பள்ளி பஸ்களையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிக்கிறார்கள். தரைப்பலகை, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, படியின் உயரம் எல்லாம் பார்க்கிறார்கள். ஒரு குழந்தை உயிரைக் கொடுத்து வாங்கிய சோதனை அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்தபின் ஒரு புதன்கிழமை ஆயாம்மா வந்தாரா என்று பார்க்க எந்த அதிகாரியும் வர முடியாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சட்டம் இதைவிடப் பழையது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 131ஆம் பிரிவு. ஆள் இல்லாத ரயில்வே கேட் வந்தால் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். நடத்துநரோ உதவியாளரோ இறங்கி, தண்டவாளம்வரை நடந்துபோய், இரண்டு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்துவிட்டு வண்டியை அழைத்துப் போக வேண்டும். அகல ரயில் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகளே இப்போது இல்லை என்பதால் இதை எல்லோரும் மறந்துவிட்டோம். 2025 ஜூலை 8 காலையில் கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது ஆள் இருக்கிற கேட். காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகிற பாதை எங்கள் மாவட்டத்தின் ஊர்களுக்கு நடுவே போகிறது. கணியம்பாடி பக்கமெல்லாம் பள்ளி வண்டிகள் அந்தத் தண்டவாளத்தைக் கடந்துதான் போகின்றன. செம்மங்குப்பம் செய்தி வந்த அன்று ஓட்டுநர் அண்ணன் என்னிடம் சொன்னது, “கேட் திறந்திருந்தாலும் நிறுத்துவேன் அம்மா. ஆயாம்மா இறங்கிப் பார்த்துக் கையசைத்தால்தான் கிளட்சிலிருந்து காலை எடுப்பேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.”

ஓட்டுநர்களைப் பற்றி நாம் எளிதாகக் கடுஞ்சொல் பேசிவிடுகிறோம். 2024 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் வெள்ளக்கோவிலில் ஒரு பள்ளி வேன் ஓட்டுநருக்கு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்தது. அந்த வலியிலும் வேனை ஓரமாக நிறுத்தி இருபது பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டு, ஸ்டீயரிங்கில் சாய்ந்து உயிர்விட்டார். அவரை நினைக்கும்போதெல்லாம், ஐந்து நிமிடம் தாமதமானால் உடனே கைபேசியை எடுத்து, “அண்ணா எங்கே இருக்கிறீர்கள்” என்று ஓட்டுகிறவரிடமே கேட்கும் என் பழைய பழக்கம் உறுத்துகிறது. அந்த அழைப்பை எடுத்தால் ஒரு கை ஸ்டீயரிங்கை விடும். இப்போது எங்கள் நிறுத்தத்துப் பெற்றோர் யாரும் ஓட்டுநரை அழைப்பதில்லை. ஆயாம்மாவின் எண்ணுக்கு மட்டும்தான் அழைக்கிறோம்.

நாங்கள் மாற்றிக்கொண்ட இன்னொரு பழக்கம் எதிர்ப்பக்கம் நிற்பது. நிழலுக்காக, செருப்பு சுடாத இடத்துக்காக, கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்பதற்காக எல்லோரும் தெருவின் அந்தப் பக்கம் நிற்போம். பிள்ளைக்கு அம்மா முகம் தெரிந்துவிட்டால் தெரு தெரியாது. ஓடிவரும். நான் அன்று இறங்கும் பக்கம் நின்றிருந்தால் பாட்டில் என் காலடியில்தான் உருண்டிருக்கும். இப்போது வெயிலோ மழையோ கதவு திறக்கும் பக்கம்தான் நிற்கிறேன், சாலை ஓரத்திலிருந்து ஐந்தாறு அடி உள்ளே. காலையில் ஏற்றும்போதும் அப்படித்தான்.

வெயில் என்றதும் நினைவுக்கு வருகிறது. வேலூரை வெயிலூர் என்று நாமே சொல்லிச் சிரிப்போம், கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் செய்தியே அல்ல. மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியில் இருப்பதைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். சிறு குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். பஸ்ஸின் கடைசி சீட்டில் ஓர் எல்கேஜி பிள்ளை தூங்கிப்போய், ஜன்னலெல்லாம் சாத்தி, பஸ்ஸைக் காலி மனையில் நிறுத்திவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உட்கார்ந்திருக்கும் பிள்ளை சீட்டில் சரிந்துவிட்டால் முன்னாலிருந்து பார்க்கிறவருக்கு பஸ் காலியாகத்தான் தெரியும். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கடைசிப் பிள்ளை இறங்கியபின் ஒருவர் முன்னாலிருந்து கடைசி சீட் வரை நடந்துபோய், ஒவ்வொரு சீட்டின் அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். எங்கள் ஆயாம்மா பதினோரு வருடங்களாக ஒரு நாளும் விடாமல் அப்படி நடக்கிறார். சில நாள் கிடைப்பது ஒற்றைச் சாக்ஸ். சில நாள் பாதி தின்ற கொய்யா. ஒரே ஒரு நாள் ஒரு பிள்ளை கிடைத்தானாம். அதைச் சொல்லும்போது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பாட்டில் நசுங்கிய வாரத்துக்குப் பிறகு ஓட்டுநர் அண்ணன் பஸ்ஸில் ஒரு பாடம் ஆரம்பித்தார். பிள்ளைகளை ஏற்றி உட்காரவைத்தபின், கிளம்புவதற்கு முன் திரும்பி நின்று, “கீழே விழுந்தால்?” என்று கேட்பார். “விழுந்தது விழட்டும்!” என்று எல்லாம் சேர்ந்து கத்தும். “என்ன செய்வீர்கள்?” “கையைத் தூக்குவோம்!” பென்சில் பெட்டியோ பாட்டிலோ பேனாவோ, பஸ்ஸின் அருகில் விழுந்தால் யாரும் குனியக் கூடாது. நின்ற இடத்தில் கையைத் தூக்க வேண்டும். ஆயாம்மா எடுத்துத் தருவார். தொலைந்தால் அம்மா அடிப்பாள் என்ற பயம்தான் பிள்ளையைக் குனிய வைக்கிறது என்று ஓட்டுநர் அண்ணன் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். பேசிப் பழக்கமில்லாதவர், குரல் நடுங்கியது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு பென்சில் பெட்டியைத் தொலைத்ததற்காக இவளை அடித்திருந்தேன்.

இந்த வருடம் பள்ளி திறப்பதற்கு முன் நிர்வாகத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது. கேமரா பொருத்தியாகிவிட்டதே, பெரிய பிள்ளைகள் வரும் தடங்களில் உதவியாளர் தேவையா என்று. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தோம். தேவை என்றும், ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆளையும் பழக்கி வைக்க வேண்டும் என்றும், அதற்காகக் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் கொடுக்கிறோம் என்றும் எழுதினோம். ஒருவர், “இதற்கெல்லாம் நாம் ஏன் கொடுக்க வேண்டும்” என்றார். சொல்வதில் நியாயம் இருக்கிறது, நிர்வாகம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் நியாயம் பேசி முடியும்வரை பஸ் ஓடாமல் இருக்காதே. இரண்டு வாரம் கழித்துச் சரி என்றார்கள்.

சென்ற திங்கட்கிழமை மாலை பஸ்ஸில் ஆயாம்மாவோடு புதிதாக ஓர் இளம்பெண் வந்தார். அவருக்கு ஆயாம்மா வேலை பழக்கிக்கொண்டிருந்தார். “நீ முதலில் இறங்கு. இறங்கிப் பிள்ளையைப் பார்க்காதே, பின்னால் வருகிற வண்டியைப் பார். ம், கையை நீட்டு. இப்போது இறக்கு.” மூன்றாம் வகுப்புக்காரி என் மகள் நிதானமாக இறங்கி, பஸ்ஸைவிட்டு விலகி என் பக்கம் வந்து நின்றாள். எங்கள் நிறுத்தத்தில் ஆறு பிள்ளைகள். ஆறும் இறங்கியாயிற்று. “மீதி எத்தனை?” என்றார் ஆயாம்மா. அந்தப் பெண் படியில் ஏறி எட்டிப் பார்த்து, “பதின்மூன்று” என்றார். “பதினான்கு இருக்க வேண்டும். உள்ளே போய்த் தொட்டு எண்ணு.” அந்தப் பெண் ஒவ்வொரு தலையாகத் தொட்டபடி பின்னால் நடந்தார். பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது. ஓட்டுநர் அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பொறுக்கச் சொன்னார். கடைசி சீட்டுக்கு முந்தைய சீட்டில் அந்தப் பெண் குனிந்தார். பையைத் தலையணையாக வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்த ஒருவனின் தலையைத் தொட்டு, “பதினான்கு, ஆயாம்மா” என்றார்.